ஓடவிட்ட நான்கு நிமிடங்கள்

எங்கள் தேவாலய மண்டபத்தில் புதன்கிழமைப் பகலில் காட்டப்படும் படங்களுக்கு மார்க் போடுகிறவன் நான். ஆறு வருடங்களுக்கு முன்பு முதியோர் வட்டத்தில் ஒரு படத்தைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. தலைப்பைப் பார்த்துவிட்டு, தோட்டக்கலை பற்றிய படம் என்று யாரோ எடுத்து வந்திருந்தார்கள். அது தோட்டக்கலை பற்றியது அல்ல. அன்றைக்கே ஒரு விதி உண்டானது. எந்தப் படமானாலும் ஒருவர் முதலில் வீட்டில் பார்த்து, கூட்டத்தில் மதிப்பீடு வாசிக்க வேண்டும். ஐம்பதுக்குக் குறைந்தால் அந்தப் படம் இல்லை. நான் ஊரில் நான்கு வருடம் கணக்குப் படிப்பித்தவன். லண்டனில் இருபத்தாறு வருடம் ஒரு கவுன்சிலில் வரிக் கணக்குப் பார்த்தவன். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

கதைக்கு முப்பது, நடிப்புக்கு முப்பது, ஒழுக்கத்துக்கு இருபது, முடிவுக்கு இருபது. இப்படி நூற்றுப் பதினெட்டுப் படங்களுக்கு மார்க் போட்டிருக்கிறேன். மார்க் போடுவதோடு என் வேலை முடிவதில்லை. மண்டபத்தில் கதிரைகள் நாற்பத்தாறு. அவற்றில் மூன்று ஆடும். அவசர வாசலுக்கு முன்னால் எப்போதும் யாராவது காரை நிறுத்திவிடுகிறார்கள். புரொஜெக்டரின் வயர் நடைபாதைக்குக் குறுக்கே போகிறது. அதில் தடுக்கி விழக்கூடிய வயதில்தான் நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். இதையெல்லாம் என்னைத் தவிர யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

வட்டத்தில் பாதிப்பேர் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துத் தமிழர். மற்றப் பாதியில் கரிபியன் தீவுகளில் இருந்து வந்தவர்களும் சில ஐரிஷ் பெண்களும். நடத்துகிறவர் மன்னாரைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற தாதி. எல்லாருக்கும் அவர் அக்கா. என்னைவிடப் பத்து வயது இளையவர் என்றாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய குரல் அப்படி.

இந்த வருடம் வசந்தத்தில் நான் மதிப்பிட்ட ஒரு படத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் தேடிப் பார்த்து, என் மதிப்பீட்டுக்கு மார்க் போடத் தொடங்குவீர்கள்.

அந்தப் படத்தைக் கொண்டுவந்தவர் என் நண்பர். ஜமெய்க்காவில் பிறந்தவர். எங்கள் பகுதியான பிளேஸ்டோவில் இருந்து நான் வேலைக்குப் போன பஸ்ஸைப் பல வருடம் ஓட்டியவர். அப்போது எங்களுக்குள் தலையசைப்பு மட்டும்தான். பேசத் தொடங்கியது இருவரும் ஓய்வு பெற்று இந்த வட்டத்துக்கு வந்த பிறகு. அவர் பேசுவது ஆங்கிலம். ஆனால் பதினைந்து வருடப் பழக்கத்தில் அது என் மனதில் யாழ்ப்பாணத் தமிழாகவே பதிகிறது, அப்படியே எழுதுகிறேன். என்னை அவர் புரொபசர் என்று கூப்பிடுவார். நான் திருத்திப் பார்த்தேன், பலனில்லை.

மார்ச் மாதத்தில் அவருடைய அண்ணன் நியூயோர்க்கில் இறந்துவிட்டார். நண்பருக்குக் காலில் இரத்தக் கட்டி. விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். இறுதிச் சடங்கைத் தொலைபேசியில் பார்த்திருக்கிறார். பெட்டியை இறக்கும் நேரத்தில் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டதாம். அடுத்த புதன்கிழமை வந்து, ஓரத்துக் கதிரையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தார்.

எங்கள் பெண்கள் சும்மா இருப்பார்களா. மரணம் நடந்த முப்பத்தோராம் நாள் திருப்பலி வைத்து, பிறகு எல்லாரும் கூடிச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார். “அங்க போக ஏலாட்டி என்ன? முப்பத்தோராம் நாளை எங்கட முறையில நாங்கள் இஞ்ச செய்வம். அண்ணையின்ர போட்டோ ஒண்டு தாங்கோ, பெரிசாக்கி மாலை போட்டு வைப்பம்” என்றார். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் ஒரு புதன்கிழமையில் விழுந்தது.

நண்பர் கையை விரித்தார். “போட்டோ எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. அவருக்குக் கமராவைக் கண்டால் பிடிக்காது. ஆனால் ஒரு சினிமாவில டிரம் அடிச்சிருக்கிறார். அம்பது வருசத்துக்கு முந்தின படம். பிரிக்ஸ்டன் தியேட்டரில நான் ஒரு தரம் பாத்தனான். எழும்பி நிண்டு ‘எங்கட அண்ணை, எங்கட அண்ணை’ எண்டு கத்த, டோர்ச்சோட ஒருத்தன் வந்து இருத்தினவன்.”

ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த ஒருவர் எங்களோடு இருக்கிறார். எல்லாரையும் கடிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. “உம்மட பஸ்ஸில ஒரு நாள் இளவரசி ஏறி மிச்சக் காசு கேட்ட கதை மாதிரியோ இதுவும்?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். நண்பர் கதை சொல்லக்கூடியவர்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

“அந்த நாளில அந்தப் படத்தைப் போடுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்” என்றார்.

அக்காளின் மகள் அந்த டிஸ்க்கை எங்கோ இரண்டாம் கைக்குத் தேடி வாங்கித் தந்தாள். நண்பர் அதைப் பிரிக்கவே இல்லை. “தனிய இருந்து பாக்க எனக்கு ஏலாது, புரொபசர். நீர் பாத்து மார்க் போடும். அண்ணை எத்தினை நிமிசம் வாறார் எண்டும் எண்ணிக்கொண்டு வாரும். நீர்தான் எல்லாத்தையும் எண்ணுறனீரே” என்று உறை கிழியாமல் என் கையில் தந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் ரிமோட் என் கையில்தான் இருக்கும். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, தமிழ்க் கடையில் வாடகைக்கு எடுத்து வரும் வீடியோவில் ஒரு ஆணும் பெண்ணும் மழையில் நனையத் தொடங்கினால் என் பெருவிரல் தானாக வேகமாக ஓட்டும் பொத்தானில் அமர்ந்துவிடும். படம் கோடு கோடாக ஓடும். மழை விட்ட பிறகு மறுபடி ஓட்டத்தை நிறுத்துவேன். அந்தக் காலத்தில் லண்டனில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒரு தகப்பனின் பெருவிரல் இந்த வேலையைச் செய்தது. பிள்ளைகள் கல்யாணம் கட்டி, ஒருத்தி ரெய்னர்ஸ் லேனிலும் ஒருவன் வால்தம்ஸ்டோவிலும் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பெருவிரல் ஓய்வு பெறவில்லை.

படத்தை ஒரு திங்கட்கிழமை காலையில் போட்டேன். மனைவி பக்கத்துக் கதிரையில் இருந்து பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

கதை இதுதான். நியூயோர்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஒரு பகுதி. அங்கே ஒரு தேவாலயத்தில் இருந்த பொன் சிலுவை காணாமல் போகிறது. தேடப் புறப்படுகிறவர்கள் அதே பகுதியில் பிறந்து வளர்ந்த இரண்டு துப்பறிவாளர்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் கட்டை. நெட்டையர் பேசிக்கொண்டே இருப்பார். கட்டையர் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். சிலுவைக்குப் பின்னால் போதகர் ஓடுகிறார், பிணப்பெட்டி செய்கிறவர் ஓடுகிறார், முடி வெட்டுகிறவர் ஓடுகிறார். இவர்கள் எல்லாருக்கும் மேலே, ஒன்றும் விளங்காத ஒரு வெள்ளைக்கார மேலதிகாரி.

இந்த வகைப் படங்களுக்கு ஆங்கிலத்தில் பிளாக்ஸ்பிளாய்டேஷன் என்று ஒரு பெயர் உண்டு. கறுப்பு நடிகர்களை முன்னுக்கு நிறுத்தி, கறுப்பு ரசிகர்களின் டிக்கெட்டை எண்ணி எடுத்த படங்கள். பெயருக்குள்ளேயே சுரண்டல் என்ற சொல் கிடக்கிறது. நான் அதைச் சொன்னபோது நண்பர், “பேர் வைச்சது வேற ஆக்கள். லைனில நிண்டு பாத்தது நாங்கள்” என்றார். இந்தப் படம் அந்த வகை தொடங்கிய காலத்தது. பிறகு வந்த படங்களில் துவக்குச் சூடும் இரத்தமும் கூடிப்போனதாகச் சொல்கிறார்கள். இதில் சிரிப்புத்தான் கூட.

படத்தின் கடைசியில் இரண்டு துப்பறிவாளர்களும் ஒரு காலி நடனக் கிளப்புக்குள் பகல் நேரத்தில் நுழைகிறார்கள். கட்டையர் நேரே மேடைக்குப் போய், அங்கே இருந்த பெரிய டிரம்மின் தோலைக் கத்தியால் கிழிக்கிறார். உள்ளே சிலுவை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சிலுவை டிரம்முக்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்? ஒரு துப்பறியும் படத்தில் இது அடிப்படைப் பிழை. ஒரு மாணவன் கணக்கின் நடுவரிகளை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் நான் மார்க் கொடுப்பேனா? அது போக, படத்தில் டிரம் இருக்கிறது, அதை அடிக்க ஆள் இல்லை. நண்பரின் அண்ணனைத் தேடித் தெருக் கூட்டத்திலும் தேவாலயக் கூட்டத்திலும் முகம் முகமாகப் பார்த்தேன். டிரம் அடிப்பவர் எவரும் இல்லை.

கதைக்குப் பன்னிரண்டு, நடிப்புக்கு இருபத்திரண்டு, ஒழுக்கத்துக்கு ஐந்து, முடிவுக்கு எட்டு. மொத்தம் நாற்பத்தேழு.

புதன்கிழமை அதை வாசித்தேன். வாசித்து முடிக்கும்வரை நண்பர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே கேட்டார்.

“அண்ணை?”

“டிரம் அடிக்கிற ஆள் ஒருத்தரும் இந்தப் படத்தில இல்லை” என்றேன். “ஒண்டுக்கு இரண்டு தரம் கூட்டத்துக்குள்ள பாத்தனான்.”

சங்கக்கடைக்காரர், “அப்ப இளவரசி கேட்ட மிச்சக் காசும் பொய்தான்” என்றார்.

நண்பர் எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். “அம்பது வருசம். தியேட்டர் இருட்டு. நான் இஞ்ச தனிய இருந்தனான் அப்ப. ஆசையில வேற யாரையாவது பாத்திருப்பன்” என்றார் மெதுவாக. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தேநீர் வருவதற்கு முன்பே போய்விட்டார்.

அக்கா என் பேப்பரை வாங்கி மடித்தார். “சரி, அப்ப முப்பத்தோராம் நாளுக்குத் திருப்பலியும் சாப்பாடும் மட்டும் வைப்பம். பாவம் மனுசன். ஒரு முகமும் இல்லாமல் என்னத்தைப் பாத்துச் செபிக்கிறது?” என்றார்.

நான் வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்தக் கதைப் பிழைதான் அரித்தது. சாப்பிடும்போதும் அதையே சொன்னேன். ஒரு தடயமும் இல்லாமல் ஒரு மனுசன் எப்படி நேரே போய் டிரம்மைக் கிழிக்கலாம்? படம் எடுத்தவர்களுக்கு ஒரு கேள்வி கேட்க ஆள் இருக்கவில்லையா?

மனைவி சோற்றைப் போட்டுவிட்டுக் கரண்டியைக் கையில் வைத்தபடி நின்றார்.

“இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே? டிரம் அடிக்கிறவனை நான் கண்டனானே.”

“எங்க கண்டனீர்?”

“சிவப்பு லைற் எரியிற இடம் ஒண்டு வந்ததெல்லே. அவள் ஆடத் தொடங்கினவுடன நீங்கள் ஓட விட்டிட்டு யன்னல் பக்கம் திரும்பினீங்கள்.”

“நீர் திரும்பேல்லையோ?”

“நான் ஏன் திரும்புவான்? எனக்கு எழுபத்தொரு வயசு.” கரண்டியை வைத்தார். “அவளுக்குப் பின்னால ஒருத்தன் இடக்கையால அடிச்சுக்கொண்டு இருந்தவன். என்னவோ பிழைச்ச மாதிரி முகத்தைச் சுளிச்சவன். அந்தக் கட்டையனும் அவனைத்தான் பாத்தவன்.”

நான் கையைக் கழுவிவிட்டுப் போய் டிஸ்க்கைப் போட்டேன். மனைவி ரிமோட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நான்கு நிமிடக் காட்சி அது. இப்போது என்னால் அதை அப்படியே சொல்ல முடியும். சிவப்பு வெளிச்சம். மேடையில் ஒரு பெண் ஆடுகிறாள். ஆட ஆட ஒவ்வொரு துணியாகக் கழற்றி எறிகிறாள். கமரா அவளைக் கொஞ்ச நேரம்தான் பார்க்கிறது. அதற்குப் பிறகு திரும்பி, அவளைப் பார்க்கிறவர்களைப் பார்க்கத் தொடங்குகிறது. வரிசை வரிசையாக ஆண்களின் முகங்கள். வாய் திறந்தபடி. போதகர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்க்கிறார். பிணப்பெட்டிக்காரர் தன் குவளைக்குப் பதிலாகப் பூச்சாடியைத் தூக்கிக் குடிக்கிறார். நெட்டைத் துப்பறிவாளரின் சுருட்டு அணைந்து வாயில் தொங்குகிறது. அந்த மண்டபம் முழுவதிலும் அவளைப் பார்க்காதவர் ஒரே ஒருவர், கட்டையர். அவர் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெரிய டிரம் ‘டும்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘தொப்’ என்கிறது.

அதைக் கேட்ட இன்னொருவர் டிரம் அடிக்கிறவர். ஒல்லியான மனிதர், மெல்லிய மீசை. டிரம்களை எல்லாம் இடக்கைக்காரருக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருக்கிறார். காலால் ஒரு தரம் மிதிக்கிறார், முகம் சுளிக்கிறார். மறுபடி மிதிக்கிறார், குனிந்து டிரம்மைப் பார்க்கிறார். நிமிரும்போது கட்டையரின் கண்ணும் அவர் கண்ணும் சந்திக்கின்றன. ஒரு சொல் இல்லை. கட்டையர் தொப்பியைத் தொட்டு ஒரு மரியாதை செய்கிறார்.

நான் கேட்ட தடயம் அதுதான். கணக்கின் நடுவரிகள் எல்லாம் அங்கே ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. மானம் மரியாதை என்று திரும்பிக்கொண்ட நானும், தூணுக்குப் பின்னால் நின்று பார்த்த போதகரும், இருவருமே அந்தப் பெண்ணைத் தவிர வேறு ஒன்றையும் கவனிக்கவில்லை. படம் அந்த ஆண்களை வைத்துப் பண்ணிய பகிடிக்குள் பிளேஸ்டோவில் இருந்த நானும் அகப்பட்டுக்கொண்டேன். எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

டிரம் அடிப்பவர் ஐந்து தடவை தெரிகிறார். மொத்தம் நாற்பத்தொரு விநாடி. அதில் பதினொரு விநாடி முகம் மட்டும், திரை நிறைய.

பின்னேரம் மூன்று மணிக்கு நண்பருக்குப் போன் எடுத்தேன்.

“உம்மட அண்ணை எந்தக் கையால அடிக்கிறவர்?” என்று கேட்டேன்.

“இடக்கை. பள்ளிக்கூடத்தில அதுக்காக அடி வாங்கினவர்” என்றார்.

“மெல்லிய மீசை. வலப்பக்கப் புருவத்தில ஒரு வெட்டு.”

“மாமரத்தால விழுந்தது. புரொபசர், நீர்தானே இல்லை எண்டு சொன்னனீர்?”

“நான் பாக்காமல் ஓட விட்டிட்டன். அந்தப் பொம்பிளை ஆடுற இடம்.”

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர், “அப்ப நான் வேற ஒருத்தரையும் பாக்கேல்லை, என்ன?” என்றார்.

“இல்லை. உம்மட அண்ணையைத்தான் பாத்தனீர்.”

“நல்லாச் செய்யிறாரோ?”

“அவர் இல்லாட்டிச் சிலுவையே கிடைச்சிருக்காது” என்றேன். மனைவி என் கையில் இருந்து போனை வாங்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், புதன்கிழமைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று அவரிடம் சொன்னார்.

இனி அக்காவைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. வியாழக்கிழமை மண்டபத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

“முப்பத்தோராம் நாள், அண்ணை. திருப்பலி முடிஞ்ச கையோட ஒரு பொம்பிளை உடுப்பைக் கழட்டி ஆடுறதோ? அந்த இடத்தில மட்டும் கொஞ்சம் ஓட விடுங்கோவன்.”

“அந்த இடத்திலதான் அவற்ற அண்ணை இருக்கிறார்.”

அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். “எத்தினையைக் கழட்டுறாள்?”

நல்ல வேளை, எண்ணியிருந்தேன். “தொப்பி ஒண்டு, கையுறை ரெண்டு, இறகுச் சால்வை ஒண்டு, மேல்சட்டை ஒண்டு. ஐஞ்சு. அதுக்குப் பிறகு மிச்சம் இருக்கிறது நீச்சல் குளத்தில காணுற அளவுதான்.”

“நாப்பது வருசம் ஆஸ்பத்திரியில வேலை செய்தனான். ஐஞ்சுக்குப் பயப்பிட மாட்டன். ஆனால் பாதருக்கு நீங்கள்தான் சொல்ல வேணும்.”

பாதரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் போதகரையும் மறைக்கவில்லை. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அந்தப் போதகர் கத்தோலிக்கரா? இல்லை, பாப்டிஸ்ட் என்றேன். அப்படியானால் தனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்றார்.

முப்பத்தோராம் நாள் புதன்கிழமை நாற்பத்தாறு கதிரைகளும் நிறைந்து, ஆறு பேர் சுவரோடு நின்றார்கள். ஆடும் கதிரைகளில் மெலிந்தவர்களாகப் பார்த்து இருத்தினேன். வயரின் மேல் கம்பளத் துண்டு ஒன்றைப் போட்டேன். காரை எடுக்கச் சொல்லி இரண்டு தடவை வெளியே போய் வந்தேன். பிறகு எழுந்து நின்று, என் முதல் மதிப்பீட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். சங்கக்கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “அண்ணை, அப்ப இவ்வளவு நாளும் எங்களுக்கு எத்தினை நல்ல இடத்தை ஓட விட்டனீங்கள்?” என்று தமிழில் கேட்டார். கேட்டது நியாயம்தான். முப்பது படங்களை நான் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு என் புதிய மதிப்பீட்டை வாசித்தேன். அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

எங்கள் படங்களில் சிரிப்பு ஒரு தனித் தண்டவாளத்தில் ஓடும். கதாநாயகன் அடிப்பான், அழுவான், நியாயம் கேட்பான். சிரிக்க வைப்பதற்கு வேறு ஒருவர் சம்பளம் வாங்குவார். இந்தப் படத்தில் அந்தப் பிரிவினை இல்லை. சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்களும் பகிடி விடுகிறவர்களும் அதே இரண்டு பேர். மேலதிகாரிக்குப் பதில் சொல்லும்போது அவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் பயம் இல்லை. சீருடைக்காரன் என் ஊர்க்காரனாக இருந்து, என் தெருவின் குறுக்கு வழிகள் தெரிந்தவனாக இருந்த ஒரு காலம் எனக்கு வாய்க்கவில்லை. ஆகவே இந்த இருவரும் தங்கள் தெருவில் நடக்கும் நடையைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அவர்கள் எனக்கு ஒன்றும் சொந்தமில்லை. இருந்தாலும் பெருமையாக இருந்தது.

குறைகளும் உண்டு. பெண்களுக்குக் கொடுத்த வேலை உடுப்பதும் கழற்றுவதும் மட்டும்தான். நெட்டையர் ஒரு இடத்தில் விசாரணை என்று ஒருவனை அறைகிறார். அதைப் பகிடியாகக் காட்டியிருக்கக் கூடாது. கார்த் துரத்தல் ஒன்பது நிமிடம். அதில் ஆறு வீண். இவற்றையெல்லாம் கழித்து, கதைக்கு இருபத்தேழு, நடிப்புக்கு இருபத்தாறு, ஒழுக்கத்துக்குப் பன்னிரண்டு, முடிவுக்குப் பதினான்கு. மொத்தம் எழுபத்தொன்பது. நடிப்புக்குக் கொடுத்த இருபத்தாறில் நான்கு, நாற்பத்தொரு விநாடி மட்டும் தோன்றும் ஒருவருக்கு உரியது என்றும் வாசித்தேன்.

விளக்கை அணைத்தார்கள். தொடக்கத்தில் ஒரு சங்கடம் இருந்தது. பிறத்தியாருக்கு முன்னால் தங்கள் ஆட்களைப் பார்த்துச் சிரிப்பது எங்களுக்கும் பழக்கமில்லை, அவர்களுக்கும் பழக்கமில்லை. போதகர் முதல் தடவை பொய் சொன்னபோது கரிபியன் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். சிரிக்கலாமோ என்று நாங்கள் அவர்களைப் பார்த்தோம். பிணப்பெட்டிக்காரர் தானே தன் பெட்டிக்குள் அகப்பட்டுக்கொண்ட இடத்தில் என் மனைவி முதலில் சிரித்துவிட்டார். மனைவியின் சிரிப்பு மெல்லியது அல்ல. அதோடு மண்டபம் அவிழ்ந்துவிட்டது. “எங்கட பழைய கோயில் கமிட்டித் தலைவர் மாதிரியே இருக்கிறார்” என்று யாரோ தமிழில் சொல்ல, பக்கத்தில் இருந்த ஜமெய்க்காப் பெண் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, தன் பங்குக்கு ஒரு போதகரின் கதையைச் சொன்னாள்.

சிவப்பு வெளிச்சம் வந்தது. சிரிப்பு நின்றது. தொப்பி போனது, கையுறை போனது. நாற்பத்தாறு கதிரையிலும் ஒருவர்கூட அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. எல்லாக் கழுத்தும் நீண்டு அவளுக்குப் பின்னால் தேடின. கட்டையர் தனியாகச் செய்த வேலையை எங்கள் மண்டபம் முழுவதும் செய்தது.

திரை நிறைய அந்த முகம் வந்தபோது நண்பர் அசையவில்லை. கையைத் தொடையில் வைத்திருந்தார். பெரிய டிரம் ‘தொப்’ என்றது. அவர் என் பக்கம் சரிந்தார்.

“அண்ணை ஒரு நாளும் தாளம் விடமாட்டார்” என்றார் காதுக்குள். “உள்ளுக்க சிலுவை கிடந்தும் விடேல்லைப் பாரும்.”

“ஓம்” என்றேன். உண்மையில் அது எனக்குத் தெரியாது. எனக்கு எண்ணத்தான் தெரியும், தாளம் தெரியாது.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் அக்கா சாப்பாட்டைத் திறக்கச் சொன்னார். மீன் கட்லட், ரோல்ஸ், கத்தரிக்காய்க் கறி, அவர்கள் கொண்டுவந்த பயறு போட்ட சோறு. ஆனால் எங்கள் ஆட்கள் உடனே சாப்பாட்டுப் பக்கம் போகவில்லை. துக்கம் கேட்க நிற்கும் வரிசையை நண்பருக்கு முன்னால் பிடித்துவிட்டார்கள். கரிபியன் பெண்களும் ஐரிஷ் பெண்களும் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வரிசையின் கடைசியில் சேர்ந்தார்கள். முதலாவதாக நின்றவர் சங்கக்கடைக்காரர். அவர் நண்பரின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். இப்படியான நேரத்தில் நாங்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் சொற்களில் ஒன்றை அவர் தேடியிருக்க வேண்டும். அது வரவில்லை.

“உங்கட அண்ணை நல்லா அடிக்கிறார்” என்றார் ஆங்கிலத்தில்.

நண்பர் தலையசைத்தார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கு அடுத்தவரும் அதையே சொன்னார். மற்ற ஐம்பத்தொரு பேரும் சொல்லி முடியும்வரை, காலில் கட்டி இருக்கிற மனிதர், நான் கதிரையை நீட்டியும் அதில் அமரவில்லை.